கம்பளி மேல் சதிர்

தை 8, புதன் இரவு.

அவர் தூங்கிவிட்டார். எனக்குத் தூக்கம் வரவில்லை.

கல்யாணத்தின்போது அவர் சொன்னது ஒன்றுதான். நான் சதிர் ஆடும் வீட்டுப் பெண் என்று இந்த நாயுடுபுரத்தில் யாருக்கும் தெரியக் கூடாது. வீட்டில் சலங்கைச் சத்தம் கேட்கக் கூடாது. கேட்கவில்லைதான். அவர் கடைக்குப் போனதும் பலகைத் தரையில் கம்பளியை விரித்து, அதன் மேல் மகள் வள்ளிக்கு அடவு சொல்லித்தருகிறேன்.

இன்று சாயங்காலம் பழனிக்குப் போகும் காவடி மேளம் எங்கள் தெருவில் வந்தது. மற்ற பிள்ளைகள் குதித்தார்கள். வள்ளி மட்டும் முழங்கால் மடித்து அரைமண்டியில் அமர்ந்து, கைகளை நீட்டி, தாளம் பிசகாமல் காலைத் தட்டினாள். வாசலில் அவரும் நின்றிருந்தார்.

வீட்டுக்காரம்மா அவள் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"ஏத்தா, இது காவடியாட்டம் மாதிரி தெரியலையே. யாரு சொல்லிக் குடுத்தா?"

வாசலில் நின்ற என் கணவர் என்னையே பார்த்தார்.

"யாரும் சொல்லிக் குடுக்கலங்க. போன வருசம் பழனியில ஒரு அக்கா ஆடுனாங்க. அதப் பாத்தேன்" என்றாள் வள்ளி.

வீட்டுக்காரம்மா நம்பிவிட்டார். போன வருஷம் நாங்கள் பழனிப் பக்கமே போகவில்லை. அது என் கணவருக்கும் தெரியும்.

அவர் படுக்கும்போது மூலையில் சுருட்டி வைத்திருந்த அந்தக் கம்பளியை எடுத்து உதறினார். போர்த்திக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிவிட்டார்.

அந்தப் பொய்யைச் சொன்னபோது வள்ளி சிரித்த முகமாகவே நின்றாள். கால் வலித்தாலும் முகத்தில் காட்டாதே என்று சொல்லிக்கொடுத்தவள் நான்தான்.