நீலச்சால் கெட்ட குற்றம் எமதே

நலம் பெருகுக. அலைகாத்தான், முந்நூறு மரக்கலம் உடையான், ஆழிமுற்றம் நாடாளும் நற்கோவேள் விடுக்கும் திருமுகம். கொற்றங்குடியில் சாயம் ஊறும் பெருந்தாழியாம் ஒற்றைச் சால் வைத்து அவுரிநீலம் தோய்த்துவரும் சாயக்காரர் மருதநங்கையார் காண்க. உம் குடியும், உம்மிடம் பணிசெய்யும் நால்வர் குடியும் தழைக்க.

மேற்கண்ட பட்டங்கள் எம் ஓலைநாயகம் எழுதியவை. இனி வருவன யாமே சொல்லி எழுதுவிப்பவை.

கடல்நீரில் வெளுக்காத நீலம் எம் கலக்கொடிகளுக்கு வேண்டுமென்று, கடற்பாசிச் சாம்பலை உம் சாலில் இட்டுப் பார்க்கும்படி சென்ற தையில் ஆள் விடுத்தோம். மூன்று தலைமுறையாக அச்சால் வற்றியதில்லை என்றும், பழைய சாயநீரின் எச்சத்திலேயே புதுநீர் புளித்து எழும் என்றும், ஆதலின் முதலில் சிறு குடத்தில் ஒரு திங்கள் சோதிப்பதே தகும் என்றும் நீர் விண்ணப்பித்தீர். கலம் இறங்கும் நாள் நெருங்கியதால் எமக்குப் பொறுமை இல்லை. இன்றே சாலில் இடுக என்றோம். இட்டீர். மூன்றாம் நாள் சால் அழுகி நாறியது. தோய்த்த துணி சாம்பல் நிறமாய் வந்தது. புதுநீலமும் கிட்டவில்லை, பழைய நீலமும் போயிற்று. உம் ஆட்கள் நால்வரும் உப்பளத்துக்குக் கூலி போனதாக அறிந்தோம்.

இதனினும் பெரிய வெட்கக்கேடு ஒன்றுண்டு. அதைச் சொல்லாமல் எமக்குச் சோறு இறங்கவில்லை. உமக்கு ஆள் விடுக்குமுன் இதே வேலையை எம் அரண்மனைச் சாயச்சாலையாரிடம் கேட்டோம். அங்கே பன்னிரண்டு சால்கள் உள்ளன. ஒன்று கெட்டாலும் பதினொன்று நிற்கும். ஆயினும் சால் கெடும் என்று அஞ்சி அவர் மறுத்தனர். யாமும் சரியென்று விட்டோம். உம்மால் மறுக்க முடியாது என்று தெரிந்தே உம்மிடம் வந்தோம். அவர் மறுத்ததையும் உமக்கு மறைத்தோம்.

ஆகவே ஆணை யாதெனில், எம் சாயச்சாலையார் தம் நல்ல சாலொன்றின் நீரை மூடிய குடங்களில் சுமந்து இவ்வோலையுடனேயே உம் வாயிலுக்கு வருவர். உம் சொற்படி வேலை செய்வர். உம் சால் எழும்வரை திரும்பார். உப்பளம் போன நால்வரும் உம்மிடம் மீட்டுத் தரப்படுவர். இனி எந்தப் புதுமுறையும் முதலில் அரண்மனைச் சாலிலேயே சோதிக்கப்படுக. கெட்டால் எமது கெடுக. அரசாணைக்கு ‘இயலாது’ என்று சொல்லும் உரிமை உம் குடிக்கு இன்றுமுதல் உண்டு.

சுறா முத்திரையை எம் கையாலேயே இட்டோம். ஓலை கொணர்ந்தவர் மறுமொழி பெறும்வரை உம் வாயிலில் நிற்பார். எம்மை மன்னிக்க இயலாது என்பதே உம் மறுமொழியாயின், அவை நடுவே எழுந்து நின்று அதைக் கேட்போம்.