வந்தவரிடம் நீங்கள் சொல்லாதது

அப்பா,

இன்று காலையில் வீட்டுக்கு ஒருவர் வருவதாக இருந்தது. கட்டிலில் விரிக்க நல்லதாக ஏதாவது கிடைக்குமா என்று பீரோவைத் திறந்தேன். அடித்தட்டில் உங்கள் சென்னிமலை பெட்ஷீட் மடிப்புக் கலையாமல் இருந்தது. உதறியதும் பாச்சை உருண்டை வாசனை அறை முழுக்கப் பரவியது. விருந்தாளிக்கு மட்டும் விரிப்பது அது. கடைசியாக விரிக்கச் சொன்னது நீங்கள்தான், தாலுகா ஆபீஸிலிருந்து ஆள் வந்த அன்றைக்கு. பீரோ முன்னால் நின்றபடியே உங்கள் மேல் பழைய கோபம் மறுபடி வந்தது.

பக்கவாதம் வந்து உங்கள் வலது கையும் காலும் இழுத்துக்கொண்டபோது நான் வடக்கே எல்லைப் பக்கம் மேஜராக இருந்தேன். அம்மா போன பிறகு இந்தக் கிணத்துக்கடவு தோட்டத்து வீட்டில் நீங்கள் ஒருவர்தான். எனக்கும் கூடப் பிறந்தவர்கள் இல்லை. வேலையை விட்டுவிட்டு வந்துவிடுகிறேன் என்றேன். கோயமுத்தூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிற சித்தப்பா மகன் சிரித்தான். "இதுக்கென்னக்கா, ஒரு மெயிலப் போட்டுட்டுக் கெளம்பி வர வேண்டியதுதானுங்க" என்றான். வருஷத்துக்கொரு கம்பெனி மாறுகிறவன் வேறு எப்படிச் சொல்வான்?

ராணுவத்தில் ராஜினாமாவைக் கேட்கத்தான் முடியும். என்னை மேல்படிப்புக்கு அனுப்பியதற்குப் பதிலாக இத்தனை வருஷம் இருப்பேன் என்று கையெழுத்துப் போட்டிருந்தேன். அதற்கு முன்னால் விட வேண்டுமென்றால், வீட்டில் பார்த்துக்கொள்ள என்னைத் தவிர ஆள் இல்லை என்று தாலுகா ஆபீஸிலிருந்து நேரில் விசாரித்து எழுத வேண்டும். அனுமதி வராமல் கிளம்பினால் ஓடிப்போனவள் என்று பெயர். என் கமாண்டிங் ஆபீசர் நல்ல மனிதர். உட்காரவைத்து டீ கொடுத்து, விசாரணை மட்டும் சரியாக வந்தால் மிச்சத்தைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார்.

உடனே உங்களுக்குப் போன் செய்தேன். "அப்பா, ஆபீசர் வருவாருங்க. உள்ளத உள்ளபடி சொல்லிப்போடுங்க" என்றேன்.

"அதெல்லாம் நான் பாத்துக்கறேன் கண்ணு. நீ உன்ற வேலையப் பாரு" என்றீர்கள்.

நன்றாகத்தான் பார்த்துக்கொண்டீர்கள். நம் தோட்டத்தில் வேலை செய்யும் ரங்கண்ணன் சொல்லித்தான் எனக்கு முழுதும் தெரியும். "காலைலயே சவரம் பண்ணி உடச் சொன்னாருங்க அம்மணி. கஞ்சி போட்ட வேட்டி கட்டி உட்டேன். சோத்தாங்கைய மடியில வெச்சு, மேல துண்டப் போட்டு மூடிக்கிட்டாருங்க" என்றார்.

வந்தவருக்கு இளநீர் வெட்டச் சொல்லியிருக்கிறீர்கள். அவர் வீட்டுத் தென்னையில் வெள்ளை ஈ என்றதும் என்ன மருந்து, எப்படி அடிப்பது என்று விலாவாரியாகப் பேசியிருக்கிறீர்கள். உடம்பு எப்படி என்று விசாரித்தவரிடம், "நமக்கென்னங்க, ஒரு கொறையுமில்லீங்க. புள்ள தேசத்தப் பாத்துக்கறா, நான் காட்டப் பாத்துக்கறேன்" என்றீர்களாம். வாசல் வரை வந்து வழியனுப்ப முடியாததற்கு மட்டும் மன்னிப்புக் கேட்டீர்களாம். அதையும் அவர் மரியாதை என்றே எடுத்துக்கொண்டிருப்பார். வண்டியில் தேங்காய் வேறு ஏற்றி அனுப்பியிருக்கிறீர்கள். அந்த மனிதர் கண்ணால் கண்டதைத்தானே எழுதுவார்?

தந்தை நலமாக இருக்கிறார், பராமரிக்க ஆள் தேவையில்லை என்று விண்ணப்பம் திரும்பி வந்தது. நான் போனில் கத்தினேன். "ஏனுங்கப்பா இப்பிடிப் பண்ணுனீங்க?"

"ஊட்டுக்கு வந்த மனுசங்ககிட்ட நோவச் சொல்லி மூக்கச் சிந்தறதா கண்ணு? சொல்லோணும்னுதான் இருந்தேன். வாயே வர்லியே" என்றீர்கள். அதற்கு மேல் எனக்குக் கத்த மனசு வரவில்லை.

மறுபடி ராஜினாமா கேட்டு எழுதினேன். விண்ணப்பம் மேசை மேசையாக ஏறிக்கொண்டிருந்தபோதே நீங்கள் போய்விட்டீர்கள். நான் வந்து முகம் பார்ப்பதற்காக ஐஸ் பெட்டியில் காத்திருந்தீர்கள். காரியம் முடித்துத் திரும்பிப் போன பிறகுதான் அனுமதி வந்தது. கமாண்டிங் ஆபீசர் கூப்பிட்டு, இனி அவசியமில்லையே, ராஜினாமாவைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாமே என்றார். நியாயமான கேள்விதான். ஆனாலும் வந்துவிட்டேன்.

சாயங்காலம் ரங்கண்ணன் சைக்கிளில் கேட்டைத் தாண்டினால், மறுநாள் அவர் வரும் வரை பேச ஆள் கிடையாது. டிவியில் செய்தி வாசிக்கிறவரோடு சண்டை போடுகிறேன். அங்கே ஜவான்கள் விறைத்து நின்று சல்யூட் அடித்த மேஜர், இங்கே போன் அடித்தால் ஓடிப்போய் எடுக்கிறாள். பெரும்பாலும் பர்சனல் லோன் வேண்டுமா என்று கேட்கிறவர்கள்தான். அவர்களிடமும் ஊர் எது, சாப்பிட்டாயிற்றா என்று விசாரிக்கிறேன். தனிமை இவ்வளவு கனமாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது. நீங்கள் ஒரு நாளும் சொல்லவில்லையே.

இன்று வந்தவர் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்து ஆள். தனியாக இருப்பவர்களை நேரில் பார்த்து விசாரிக்கிறார்களாம். உங்கள் பெட்ஷீட் மேல் உட்காரவைத்து இளநீர் கொடுத்தேன்.

"தனியாத்தான் இருக்கறீங்களா மேடம்? என்ன சிரமம்னாலும் சொல்லுங்க, எழுதிக்கறனுங்க" என்று பேனாவைத் திறந்து காத்திருந்தார். சொல்லிவிடலாம் என்றுதான் நிமிர்ந்தேன்.

"நமக்கென்னங்க, ஒரு கொறையுமில்லீங்க" என்றேன்.

அவர் எழுதிக்கொண்டார். அவர் வண்டியில் தேங்காய் ஏற்றி அனுப்பிவிட்டு, பெட்ஷீட்டை மடிக்காமல் அதன் மேலேயே உட்கார்ந்து எழுதுகிறேன். இனி உங்களைக் கோபித்துக்கொள்ள எனக்கு முகமில்லை.

வாயே வரவில்லை அப்பா.