ஒரே வீட்டில் இரண்டு நொட்டாங்கை

பிப்ரவரி 4, வியாழன்

காலையில் பனி. பனியன் கம்பெனிக்கு நாளை லீவு சொல்லியாயிற்று. என்னைப் பெண் பார்க்க வருகிறார்கள். சோமனூர், சொந்தத் தறி. செய்ய வேண்டியது: ஜமுக்காளம் உதற, ரவை வாங்க, டம்ளர் தேய்க்க.

அண்ணனின் வெள்ளைப் பேண்ட்டுக்கு நீலம் போட்டேன். பந்து தேய்த்த சிவப்புக் கறை போகவில்லை. அண்ணன் மாநில அணிக்கு இடது கைச் சுழற்பந்து வீசுகிறான். போன வருஷம் பேப்பரில் பெயர் வந்ததிலிருந்து தெருவில் அந்தக் கையைப் பிடித்துப் பார்க்கிறார்கள்.

எனக்கும் இடது கைதான். பள்ளியில் அதற்காக விரல் முட்டியில் அடி. ஐந்தாவதோடு நின்றுவிட்டேன். கம்பெனியில் பிசிறு வெட்டுவது இடது கையால். வேலை ஆனால் போதும், யாரும் கேட்பதில்லை. வீட்டில் திட்டு. இந்த நோட்டுகூட வலது கையால்தான். எழுத்து கோணல்.

அம்மா: “நாளைக்கு அந்தக் கையை முந்தானைக்குள்ளயே வெச்சுக்க கண்ணு.”

பிப்ரவரி 5, வெள்ளி

எழுதவே கூச்சம்.

காபி வலது கையால் கொடுத்தேன். சிந்தவில்லை. மாப்பிள்ளை என் முகம் பார்க்கவில்லை. அவருடைய அப்பா பார்த்ததெல்லாம் அண்ணனைத்தான்.

“தம்பி, பந்து எப்படித் திரும்புதுன்னு கொஞ்சம் காட்டுங்க.”

அண்ணன் தட்டிலிருந்த ஆரஞ்சைச் சுழற்றித் தரையில் விட்டான். நேராக ஓடி, விலகி, மாப்பிள்ளையின் காலைச் சுற்றிக்கொண்டு போனது. எல்லாருக்கும் சிரிப்பு. “நொட்டாங்கைன்னா சும்மாவா” என்றார் மாப்பிள்ளையின் அப்பா.

அந்தக் குஷியில் அண்ணன், “சரசு, பிடி” என்று இன்னொரு பழத்தை எறிந்தான். பிடித்தேன். இடது கையால்.

மாப்பிள்ளையின் அம்மா: “ஏனுங்க, பொண்ணுக்கும் நொட்டாங்கைங்களா?”

“இல்லீங்க” என்றாள் அம்மா.

அந்தம்மா அண்ணனைப் பார்த்தார்.

“இல்லீங்க. எனக்கு மட்டுந்தானுங்க.”

நானும் தலையாட்டினேன். பழம் இன்னும் அந்தக் கையில்.

பிப்ரவரி 7, ஞாயிறு

சோமனூரிலிருந்து ஆள். பிடித்திருக்கிறதாம். அம்மா எல்லார் வாயிலும் சர்க்கரை போட்டாள்.

அண்ணன் மேட்சுக்கு மெட்ராஸ் கிளம்பினான். சுழற்றிச் சுழற்றி ஆள்காட்டி விரலில் தோல் உரிந்திருக்கிறது. வேப்பெண்ணெய் தடவிவிட்டேன். அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. நானும்.

பிப்ரவரி 12, வெள்ளி

அண்ணன் வந்துவிட்டான். ஒரு விக்கெட்கூட இல்லை. அடுத்த மேட்சுக்கு அணியில் பெயர் இல்லை. டீக்கடையில் ஒருவர், “நொட்டாங்கையில போட்டா அப்படித்தான்” என்றாராம். போன மாதம் வலியக் கூப்பிட்டு டீ வாங்கிக் கொடுத்த அதே ஆள்.

அண்ணன் சாப்பிடவில்லை. இடது கையை மடியில் மறைத்து உட்கார்ந்திருந்தான். நான் உட்காருகிற மாதிரியே.

பிப்ரவரி 14, ஞாயிறு

நல்ல வெயில். அண்ணன் காலை பஸ்ஸில் சோமனூர் போய்ச் சொல்லிவிட்டு வந்துவிட்டான். “தங்கச்சிக்கும் நொட்டாங்கைதானுங்க. அன்னிக்குப் பொய் சொல்லிட்டனுங்க.”

அம்மா: “கூடி வந்ததைக் கெடுத்துட்டியேடா.” ஒரே அழுகை.

யோசித்துச் சொல்கிறார்களாம். மாப்பிள்ளையின் அப்பா இந்தத் தடவை பந்தைப் பற்றிக் கேட்கவே இல்லையாம். மாப்பிள்ளை மட்டும் பஸ் வரைக்கும் வந்து, “பழத்தை நல்லாப் புடிச்சாங்க” என்றாராம்.

அண்ணன் இதைச் சொல்லிச் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்று தலையாட்டியது நான். போய்ச் சொன்னது அவன்.

இந்தப் பக்கம் இடது கையால். மை கொஞ்சம் ஈஷுகிறது. கோணல் இல்லை.

அம்மா வருகிற சத்தம். பேனா வலது கைக்கு