தலைவரின் மைக்கைக் கழற்றிய கதை

மார்ச் 3
குடியிருப்புச் சங்கத் தலைவர் கீழ்த்தளத்தில் இருக்கும் என் ரிப்பேர் கடைக்கு வந்தார். மைக்கைத் துண்டில் சுற்றி, கைக்குழந்தை மாதிரி ஏந்திக்கொண்டு. "பேசப் பேச நின்னு போகுதும்மா. ஞாயித்துக்கிழமை ஆண்டுக் கூட்டம். எப்படியாவது உயிர் குடுத்துடு."

மைக்குக்காவது புத்தி வந்ததே என்று வாய் வரை வந்தது. அடக்கிக்கொண்டேன். நின்றுபோன லிஃப்டைச் சரிபண்ணுவது அவர் கையில்தான் இருக்கிறது. அது நின்றதிலிருந்து அம்மா ஐந்தாம் மாடியை விட்டு இறங்கவில்லை, முட்டிவலி. போன கூட்டத்தில் லிஃப்ட்தான் கடைசி விஷயம். தலைவர் பேசி முடிப்பதற்குள் வாட்ச்மேன் விளக்கை அணைத்துவிட்டார்.

மார்ச் 4
கம்பித் தலையைத் திருகிக் கழற்றினேன். ஐயோ, கருமம்! உள்ளே இருக்கிற பஞ்சு எச்சிலில் ஊறிக் காய்ந்து ஓடாகக் கிடக்கிறது. சத்தம் நுழைய வழியே இல்லை. அதனால்தான் உதட்டில் ஒட்டிவைத்தால் மட்டும் கேட்கிறது. எத்தனை வரவேற்புரை, எத்தனை நன்றியுரை!

கம்பித் தலையைச் சோப்புத் தண்ணீரில் போட்டேன். கை கழுவினேன். மறுபடியும் கழுவினேன்.

மார்ச் 5
உள்ளே, சத்தத்தை வாங்குகிற காப்ஸ்யூலுக்குப் பின்னால் மெல்லிசாக இரண்டு ஒயர். ஒன்று ஒட்டியும் ஒட்டாமலும் தொங்குகிறது. தலைவர் உணர்ச்சிவசப்பட்டுக் கையை ஆட்டும்போதெல்லாம் அதுதான் விட்டுப்போயிருக்கிறது.

மத்தியானம் இரண்டாம் மாடி பல் டாக்டர் எட்டிப் பார்த்தார். "ரொம்ப நல்லாப் பண்ணிடாதீங்க. பாதியில நின்னா உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

ஊர்ப் பல்லையெல்லாம் ஒழுங்காகப் பிடுங்குகிறவர் பேசுகிற பேச்சா இது?

மார்ச் 6
ஆனாலும்... செய்தால் என்ன? ஒயரை ஒட்டுகிற ஈயத்தைப் பட்டும் படாமலும் வைத்தால் போதும். தலைவர் பேச்சு சீக்கிரம் முடியும், லிஃப்ட் பேச்சும் வரும். அம்மாவிடம் சொன்னேன்.

"நீ வேலையைக் கெடுத்துத்தான் நான் கீழ இறங்கணுமா? போடி அந்தப் பக்கம்!"

வாங்கிக் கட்டிக்கொண்டு வந்து, ஈயத்தை ஒழுங்காகவே வைத்தேன். புதுப் பஞ்சும் போட்டேன்.

மார்ச் 7
தலைவரிடம் கொடுத்தேன். "இப்ப தள்ளிப் பிடிச்சாலும் எடுக்கும் சார். பேசி முடிச்சதும் சுவிட்சை அணைச்சிடுங்க."

"எனக்கே மைக் பிடிக்கச் சொல்லித் தர்றியா?"

சரிங்க சார்.

மார்ச் 8
ஆண்டுக் கூட்டம்.

தலைவர் பேசினார், பேசினார், பேசிக்கொண்டே இருந்தார். மைக் ஒரு தடவைகூட நிற்கவில்லை. பல் டாக்டர் என்னை முறைத்த முறை! எல்லாம் போச்சு என்று உட்கார்ந்திருந்தேன். அப்போது தலைவர் வழக்கம்போல மைக்கை வயிற்றுப் பக்கம் இறக்கிக்கொண்டு, பொருளாளர் பக்கம் சாய்ந்தார்.

"லிஃப்ட் வர்றதுக்குள்ள நன்றியுரைக்குப் போயிடு. அஞ்சாவது மாடிக் கிழவி ஒருத்திக்காக எல்லாரும் காசு அழணுமா?"

ஹால் முழுக்கக் கேட்டது. ஒரு எழுத்து விடாமல்.

அடுத்து, "ஏன் எல்லாரும் இப்படிப் பார்க்கறாங்க?" அதுவும் கேட்டது.

எழுந்தேன். எனக்கு முன்னாலேயே பல் டாக்டர் எழுந்துவிட்டார். "லிஃப்ட் விஷயத்தை முதல்ல எடுங்கய்யா!" கூட்டமே எழுந்து நின்று கத்தியது. அதற்கு மைக் தேவைப்படவில்லை.

மார்ச் 11
வழியில் தலைவருக்கு வணக்கம் வைத்தேன். சுவரைப் பார்த்துக்கொண்டு போனார்.

ஏப்ரல் 2
தலைவர் வந்தார். அதே மைக், அதே துண்டு. அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "எல்லாத்தையும் எடுக்குதும்மா. முன்னாடி இருந்த மாதிரியே பண்ணிக் குடுத்துடேன்."

நான் வாய் திறப்பதற்குள், அலமாரிக்குப் பின்னாலிருந்த நாற்காலியிலிருந்து அம்மா கேட்டாள்:

"சரியாக் காதுல விழலை தம்பி. மைக்கில சொல்லுங்களேன்."