மகாராஜுக்கு முட்டியில் ஒன்றுமில்லை

மே 26, திங்கள்

மழை. நேற்றிலிருந்து விடவில்லை. ஜெர்சி காயவில்லை, ஈரத்தோடே மாட்டிக்கொண்டு கோர்ட்டுக்கு. அங்கே கணுக்கால் தண்ணீர். மௌஷுமி துடைப்பத்தோடு நின்றாள். எங்கள் டாலிகஞ்ச் பெண்கள் கூடைப்பந்து டீமில் கேப்டன் என்றால் துடைப்பமும் அவள் பொறுப்புதான். அரை மணி தண்ணீர் தள்ளினோம், கால் மணி பந்தாடினோம்.

பிறகு வழக்கம்போல டீக்கடை. அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கில் கடைசி நாலு டீம். அங்கே ராத்திரி ஆடுவது நமக்கு விடிகாலை. லக்ஷ்மியின் போனை பிஸ்கட் டப்பாவில் சாய்த்துவைத்து அதன்மேல் எல்லார் தலையும்.

கப் யாருக்கு? இன்றைய ஓட்டு:

பச்சை – சின்னப் பிள்ளைகள். ஓட்டமோ ஓட்டம். கடைசி ஐந்து நிமிடத்தில் மூச்சு வாங்கிவிடும்.

நீலம் – போன வருஷ சாம்பியன். மௌஷுமியின் டீம். "டிஃபென்ஸ் தேக்கோ, டிஃபென்ஸைப் பாரு!" என்று மேஜையைத் தட்டுகிறாள், டீ சிந்துகிறது.

சிவப்பு – டீக்கடை அண்ணன் மட்டும். கலர் பிடித்திருக்கிறதாம்.

கறுப்பு – லக்ஷ்மி மட்டும். மகாராஜுக்காக.

மகாராஜ் என்பது நாங்கள் வைத்த பேர். கூடையில் போட்டதும் முகவாயைத் தூக்கிக் கூட்டத்தைப் பார்ப்பான், வரி வசூலிக்க வந்தவன் மாதிரி. வளர்த்துவிட்ட ஊர் டீமை உதறிவிட்டுப் போன வருஷம் கறுப்பில் சேர்ந்தவன். அது ஏற்கெனவே பலமான டீம். ஜெயிக்க வேண்டும், அதனால் போகிறேன் என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டே போனான். பழைய ஊரில் அவன் ஜெர்சியைக் கொளுத்தினார்கள். லக்ஷ்மிக்கு இதெல்லாம் கணக்கே இல்லை. காலேஜ் பெண், ஆட்டம் அழகாக இருந்தால் போதும்.

அவனை நான் திட்டுகிற மாதிரி டாலிகஞ்சில் யாரும் திட்ட முடியாது. நான் ஆரம்பித்தால் மௌஷுமி தாளம் போடுவாள். இன்றைக்கும் ஆசை தீரத் திட்டினேன். வாய் வலிக்கவில்லை. முட்டி வலிக்கிறது.

மே 28, புதன்

கொஞ்சம் வெயில் எட்டிப் பார்த்தது. துணியெல்லாம் மொட்டை மாடியில்.

மத்தியானம் நான் வேலை பார்க்கிற மூக்குக் கண்ணாடிக் கடைக்கு பத்மா மேடம். ஜங்லிகாட் டீமின் கோச். நாலு வருஷமாகத் தீவின் கப் அவர்கள் அலமாரியை விட்டு நகரவில்லை. மூக்குக் கண்ணாடி வாங்க வந்தவர் மாதிரி ஒவ்வொரு ஃப்ரேமாக மாட்டிப் பார்த்தார். நானும் முகம் பார்க்கும் கண்ணாடியைப் பிடித்துக் காட்டினேன். ஆறாவது ஃப்ரேமோடு என்னைப் பார்த்து, "எங்க பாயின்ட் கார்டு பொண்ணுக்குக் கல்யாணம், மெயின்லேண்ட் போயிடுறா. இந்த சீசன் அவ இடத்துல ஆட நீ வர்றியாம்மா?" என்றார். "பேர் கொடுக்க ஜூன் இருபது கடைசி. யோசிச்சுச் சொல்லு."

ஃப்ரேம் வாங்கவில்லை. அவர் போனபிறகு ஒரு லென்ஸைக் கீழே போட்டேன். நல்லவேளை பிளாஸ்டிக்.

முப்பத்தொரு வயது. மூன்று ஃபைனல், மூன்றிலும் தோல்வி, மூன்றும் இதே ஜங்லிகாட்டிடம். முட்டியைப் பார்த்த டாக்டர் போன மாதம் சொன்னது: இன்னும் ஒரு சீசன், அதுவும் கவனமாக ஆடினால். மௌஷுமியிடம் இதைச் சொல்லவில்லை. வீட்டிலும் இல்லை. சொன்னால் நிஜமாகிவிடும்போல ஒரு பயம்.

வாங்க வேண்டியது: முட்டிப் பட்டை (புதுசு), அம்மாவுக்கு பிரஷர் மாத்திரை, முட்டை (கப்பல் வரவில்லை, கிடைக்காது).

மே 31, சனி

சூரை மீன் குழம்பு. அண்ணன் ஆன்றோ ஹார்பரிலிருந்து மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்திருந்தான், கை முழுக்க எஞ்சின் ஆயில். பத்மா மேடம் கூப்பிட்டதைச் சொன்னேன். சோற்றிலிருந்து தலை நிமிரவில்லை.

"போ பிள்ளே. இதுல யோசிக்க என்ன கெடக்கு? நான் மூணு போட் ஓனர மாத்தியாச்சு. எவனாவது எஞ் சட்டையக் கொளுத்துனானா?"

சிரித்துவிட்டேன். அடுக்களையிலிருந்து அம்மா, "மௌஷுமிட்ட கேட்டியா மக்களே?" அதோடு சிரிப்பு நின்றது.

கேட்க வேண்டியது அவளிடம்தான். மூன்று வருஷம் முன்பு ஜங்லிகாட் அவளையும் கூப்பிட்டது. போகவில்லை. அதைச் சொல்லிக்காட்டுகிறவளாக இருந்தால்கூட எனக்கு லேசாக இருக்கும். ஒரு நாளும் சொல்லிக்காட்டியதில்லை.

ஜூன் 1, ஞாயிறு

சர்ச்சில் மாஸுக்கு லேட். காரணம் மேட்ச்.

இன்றைக்கு ஜெயித்துக் கறுப்பு ஃபைனலுக்கு வந்துவிட்டது, அங்கே எதிரே நீலம். மூன்றாவது பகுதியில் மகாராஜ், ஆள் பார்க்காமலே பின்னால் ஒரு பாஸ் கொடுத்தான். "நல்ல பாஸ்" என்று என் வாயிலிருந்து வந்துவிட்டது. டீக்கடை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. லக்ஷ்மி எழுந்து நின்று கையெடுத்துக் கும்பிட்டாள்: "வாங்கக்கா, நம்ம பார்ட்டிக்கு வாங்க!"

மௌஷுமி என் நெற்றியில் கைவைத்துப் பார்த்தாள். "புகார் இருக்கா உனக்கு?" டாலிகஞ்சிலேயே வளர்ந்தவள், தமிழ் நன்றாகப் பேசுவாள். ஆனால் காய்ச்சலும் கோபமும் அவளுக்கு ஹிந்தியில்தான் வரும். சூடு இல்லை என்று அறிவித்தாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும்.

போனால்: கப் கிடைக்கலாம். நல்ல தரை, கூரை போட்ட கோர்ட். ஜெயித்தவர்கள் கையை இன்னொரு தடவை குலுக்கிவிட்டு பஸ் ஏற வேண்டாம்.

போகாவிட்டால்: மௌஷுமி.

இதற்கு மேல் எழுத வரவில்லை. எழுந்து பாத்திரம் தேய்த்தேன். தேய்த்த பாத்திரத்தையே மறுபடி தேய்த்தேன்.

ஜூன் 9, திங்கள்

என் நாக்கை அறுத்துப் போட வேண்டும்.

ஃபைனல் தொடரில் இன்றைக்குக் கறுப்பு தோற்றது. மகாராஜ் கடைசியில் இரண்டு ஃப்ரீ த்ரோவைக் கோட்டைவிட்டான். டீக்கடையில் ஒரே கொண்டாட்டம். மௌஷுமி, "ஓடிப் போனவனுக்கு வேணும். தன் டீமை விட்டவனுக்கு கப்பு எதுக்கு?" என்றாள். தினமும் சொல்வதுதான். தினமும் நானும் சேர்ந்து சொல்வதுதான். எனக்கு மட்டும் சுருக்கென்று ஏறிவிட்டது.

"அவன் என்ன பண்ணணும்ங்கிறே? அங்கயே கிடந்து தோத்துக்கிட்டே இருக்கணுமா? எத்தனை வருஷம் அந்த ஊருக்காக ஆடினான்! முட்டி போச்சுன்னா அப்புறம் யாரு அவனைக் கூப்பிடப் போறா? கடைசி சீசன்ல ஒருத்தன் ஜெயிக்க ஆசைப்பட்டா அது துரோகமா?"

குரல் எனக்கே அதிகமாகக் கேட்டது. 

லக்ஷ்மி பாவம், எனக்கு உதவுவதாக நினைத்து, "அக்கா, மகாராஜுக்கு முட்டியில ஒண்ணுமில்லையே. அவனுக்கு இருபத்தெட்டுதான் ஆகுது. இன்னும் நிறைய சீசன் ஆடுவான்" என்றாள்.

மௌஷுமி போனைப் பார்க்கவில்லை. என் முகத்தையும் பார்க்கவில்லை. என் முட்டிப் பட்டையைப் பார்த்தாள், புதுசு. டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனாள்.

கடையில் இன்று இரண்டு பேருக்கு பவர் மாற்றி எழுதினேன். முதலாளி பார்ப்பதற்குள் திருத்திவிட்டேன்.

ஜூன் 10, செவ்வாய்

காற்று. கப்பல் எதுவும் கிளம்பவில்லை.

பிராக்டிஸில் மௌஷுமி எனக்குப் பாஸே கொடுக்கவில்லை. வெட்டவெளியில் கையை நீட்டிக்கொண்டு நின்றேன், பந்து வேறு பக்கம் போனது. பள்ளிக்கூட நாளிலிருந்து இப்படி ஆனதில்லை. முடிந்ததும் மற்றவர்களை அனுப்பிவிட்டு வந்தாள்.

"ஸச் போல், உண்மையைச் சொல்லு. ஜங்லிகாட்டா?"

"கூப்பிட்டாங்க. இன்னும் முடிவு பண்ணலை."

"முட்டி?"

"ஒரு சீசன்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா என்னை பெஞ்சில உட்கார வைப்ப."

"ஹாங், வைப்பேன். நடக்கணும்ல நீ?" கொஞ்ச நேரம் பந்தைத் தரையில் தட்டினாள். "என்னையும்தான் கூப்பிட்டாங்க. நான் போனேனா?"

"நீ போகலைங்கிறதுக்காக நானும் போகக் கூடாதா?"

பந்தை என் காலடியில் உருட்டிவிட்டு, துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

சொல்லியிருக்கக் கூடாது. ஆனால் சொன்னது பொய்யும் இல்லை. கோபம் அவள்மேல் பாதி, என்மேல் பாதி. முட்டிக்கு ஐஸ் வைத்தேன். கரன்ட் போய் ஐஸ் தீர்ந்தது.

ஜூன் 14, சனி

மௌஷுமி ரங்கத் போய்விட்டாளாம், அவள் பெரியப்பா வீட்டுக்கு. விடிகாலை பஸ். என்னிடம் சொல்லவில்லை, லக்ஷ்மி சொல்லித்தான் தெரியும். லக்ஷ்மி என்னிடம் பேசும்போதே அழுகிற மாதிரி நிற்கிறாள்: "நான் வாயைத் தொறந்திருக்கக் கூடாதுக்கா." அவள்மேல் என்ன தப்பு?

டீக்கடைப் பக்கம் போகவில்லை. வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. புரோத்ராபூர் வரை பஸ்ஸில் போய்விட்டு இறங்காமலே திரும்பி வந்தேன். கண்டக்டர், "தூங்கிட்டீங்களாக்கா?" என்றான். ஆமாம் என்றேன்.

பத்மா மேடம் மிஸ்டு கால் இரண்டு.

ஜூன் 18, புதன்

கடைசி மேட்ச். வீட்டிலேயே பார்த்தேன், பக்கத்தில் ஆன்றோ. நெட் நின்று நின்று வந்தது.

ஒரு பாயின்ட் பின்னால் கறுப்பு. நேரம் முடிகிறது. எல்லாருக்கும் தெரியும் பந்து யாருக்கு என்று. மகாராஜ் வாங்கினான், ஒரு காலில் பின்னால் சாய்ந்து எறிந்தான். வளையத்தில் பட்டு, ஒரு சுற்றுச் சுற்றி, வெளியே விழுந்தது. நீலத்துக்குக் கப். தெருமுனை டீக்கடையிலிருந்து விசில் சத்தம் எங்கள் வீடு வரை கேட்டது.

"விட்டுட்டுப் போயும் கிட்டலயே பிள்ளே," என்றான் ஆன்றோ. பாவப்பட்டுத்தான் சொன்னான்.

உண்மைதான். அத்தனை பேரிடம் திட்டு வாங்கிக்கொண்டு போய், தோற்று நிற்கிறான். பயந்திருக்க வேண்டும் நான். பயம் வரவில்லை. பொறாமை வந்தது. கடைசி பந்து அவன் கையில் இருந்தது. கப் முடிவாகிற அந்த நொடியில் அவன் அங்கே நின்றான். எனக்கு அது வேண்டும். தோற்றாலும் வேண்டும். இதில் துரோகம் இருந்தால் இருக்கட்டும்.

பல் தேய்ப்பதற்கு முன்பே பத்மா மேடத்துக்குப் போன் செய்து, வருகிறேன் என்றேன். பிறகு மௌஷுமிக்கு மெசேஜ்: "ஜங்லிகாட் போறேன். உங்கிட்ட முதல்ல சொல்லியிருக்கணும். மன்னிச்சுக்கோ." பார்த்துவிட்டாள். பதில் இல்லை. சாயங்காலம் வரை இல்லை.

ஜூன் 19, வியாழன்

மழை. வெளிச்சம் வந்ததும் கதவு தட்டும் சத்தம். மௌஷுமி. நேற்று பஸ்ஸில் வந்துவிட்டாளாம். குடை இல்லை. அம்மா உள்ளே வந்து டீ குடிக்கச் சொன்னதற்கு, "வாபஸ் வந்து குடிக்கிறேன் ஆன்ட்டி." என்னைப் பார்த்து, "ஷூ போடு."

கோர்ட்டில் நாங்கள் இருவர் மட்டும். பந்தை என்னிடம் எறிந்துவிட்டுக் கூடைக்கு முன்னால் போய் நின்றாள். "வா. தாண்டிப் போ."

வலது பக்கம் போனேன், பந்தைப் பறித்தாள். மறுபடி போனேன், மறுபடி பறித்தாள். மூன்றாவது தடவை ஏமாற்றப் பார்த்தேன். கைவைத்துத் தடுத்தே நிறுத்திவிட்டாள்.

"எப்பவும் வலது பக்கம்தான் போவே. உன் இடது கை ஸீரோ. அது எனக்கு மட்டும்தான் தெரியும், இனிமே என் டீம் முழுக்கத் தெரியும், நானே சொல்லிக் கொடுப்பேன். ஃபைனல்ல நான்தான் உன்னை மார்க் பண்ணுவேன், ஸமஜி, புரியுதா? முதல் பத்து நிமிஷத்துலயே உன்னை பெஞ்சுக்கு அனுப்பிடுவேன்." மூச்சு வாங்கியது அவளுக்கு. "பெஞ்சுல உக்காரவா எங்களை விட்டுப் போறே?"

அழுதேன். மழையில் தெரியவில்லை என்று எழுத ஆசை. தெரிந்தது. அவளுக்கும் கண் சிவந்துதான் இருந்தது.

"ரோனா பந்த் கர், அழுதது போதும். இடது கை. போடு."

போட்டேன். பலகையில்கூடப் படவில்லை. மறுபடி. வளையத்தில் பட்டு, கோர்ட்டை ஒட்டிய ஓடையில் போய் விழுந்தது. அவளே தண்ணீரில் இறங்கிப் போய் எடுத்தாள், சட்டையில் துடைத்தாள், கொண்டுவந்து என் இடது கையில் வைத்தாள்.

"ஃபிர் ஸே. மறுபடி போடு."