மாடி வீடு முடிவான அன்று நீ பேசாமல் இருந்தது

இன்று காலை செம்பட்டி போகும் சாலையில் வாடகைக்கு ஒரு வீடு பார்க்கப் போனேன். தரகர் கதவைத் திறந்ததும் புதுச் சுண்ணாம்பு வாடை மூக்கில் ஏறியது. உடனே உன் ஞாபகம். நல்ல காரியமாகக் கிளம்பியவளுக்கு நீயா எதிரே வரவேண்டும்! செத்துப்போனவர்களைப் பற்றி நல்லதாகத்தான் பேச வேண்டுமாம். எனக்கு வரவில்லை.

அன்றும் இதே வாடைதான். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருந்த அந்த மாடி வீட்டின் வெறுந்தரையில் நான்கு பேர் உட்கார்ந்திருந்தோம். நான், நர்ஸ் செல்வி, மில் அலுவலகத்தில் என்னோடு வேலை பார்த்த இருவர். சேர்ந்து குடியிருக்க வீடு தேடிக்கொண்டிருந்தோம். ஓரமாகக் குறிப்பெடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த நீ என் கல்லூரித் தோழி. கூட்டாக வீடு பிடிப்பவர்கள் எப்படி முடிவெடுக்கிறார்கள் என்பதுதான் உன் ஆராய்ச்சி. வாடகை, தண்ணீர், தூரம், மாடியா கீழா, இதில் எது யாருக்கு எவ்வளவு முக்கியம் என்று தனித்தனியாகக் கேட்டு மதிப்பெண் போட்டாய். நாங்கள் ஒன்றாக உட்கார்ந்து பேசினால் எந்த வீட்டில் போய் நிற்போம் என்பதையும் முன்கூட்டியே கணித்து வைத்தாய்.

தனியாகக் கேட்டபோது உன்னிடம் மட்டும் சொன்னேன். ஊரில், எரியோட்டில் அம்மா ஒண்டியாகக் கிடக்கிறாள், முழங்கால் போய்விட்டது, என்னோடு கொண்டுவந்து வைத்துக்கொள்ள வேண்டும், அதனால் எனக்குக் கீழ்வீடுதான் வேண்டும் என்று. மற்றவர்களிடம் கேட்க நாக்கு எழவில்லை. நீ தலையாட்டிக் கேட்டுக்கொண்டாய்.

"தண்ணியும் இருக்கு, பஸ்ஸ்டாண்டும் பக்கம். இத விட்டுட்டு எங்கிட்டுடி போறது?" என்றாள் செல்வி. மற்ற இருவரும் சரி என்றார்கள். மூவரும் என்னைப் பார்த்தார்கள். நான் உன்னைப் பார்த்தேன். நீ உன் பேனாவைப் பார்த்தாய். "எதுனாலும் சரி" என்றேன்.

படி இறங்கும்போது உனக்கு அம்புட்டு சந்தோஷம். "நான் நெனச்சபடியே நடந்துச்சு பாத்தியா? நீ வாயத் தொறக்க மாட்டேன்னு எனக்குத் தெரியும்டி."

"எங்கம்மாவுக்காக ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

"நடுவுல நான் பேசுனா ஆராய்ச்சியே கெட்டுப்போகும். நான் பாக்கத்தான வந்தேன்?"

அடிப்பாவி! பேசியிருந்தால் என்ன குடி முழுகிப்போயிருக்கும்?

அம்மா போன் போடும்போதெல்லாம், "கீழ்வீடு ஏதும் காலியாச்சாத்தா?" என்பாள். "பாக்குறேம்மா" என்பேன். கேட்டுக்கொண்டே இருந்து, ஒருநாள் எரியோட்டிலேயே கண்ணை மூடினாள். பக்கத்தில் யாருமில்லை. காரியம் முடிந்து வந்தபின்தான் செல்வியிடம் விஷயத்தைச் சொன்னேன். அவள் தலையில் அடித்துக்கொண்டாள். "அன்னைக்கே சொல்லித் தொலைச்சிருந்தா கீழ்வீடே பிடிச்சிருப்போமேடி! கெழவி ஒரு ஓரமா இருந்துட்டுப் போகுது!" இப்போதும் நான் கீழ்வீடுதான் பார்க்கிறேன். யாருக்கென்று கேட்காதே.

போன மாதம் உன் சாவுக்கு வந்தேன். "மனுசங்க மனச அப்படியே புட்டுப்புட்டு வப்பாளே" என்று உன் அக்கா சொல்லிச் சொல்லி அழுதாள். உண்மைதான். இவள் வருவாள், அழுவாள், மன்னித்துவிடுவாள் என்று நீ என்னைப் பற்றியும் கணித்துத்தான் வைத்திருப்பாய். வந்தேன். அழவும் செய்தேன். மன்னிக்கவில்லை.