முப்பத்தேழாம் கிணறு

இன்று காலை ஒரு வெறும் போத்தலில் இலக்கம் எழுதுவதற்காக மார்க்கரின் மூடியைக் கழற்றினேன். அந்த மணம் மூக்கில் ஏறியதும் நீ பக்கத்தில் குந்தியிருப்பது போல இருந்தது. வெயிலில் சூடேறிய போத்தல் பெட்டி, உன் விரல்களில் போகாத கறுப்பு மை, "இலக்கத்தைப் பெரிசா எழுதடி, லாப்பிலை இருக்கிறவைக்குக் கண் தெரியாது" என்ற உன் அதட்டல். மகள் ஏணையில் தூங்குகிறாள். அவள் எழும்புவதற்குள் உனக்கு இதை எழுதிவிட வேண்டும். ஏற்கெனவே ஏழு மாதம் பிந்திவிட்டது.

மார்கழி மழையோடு வந்த காய்ச்சல் ஐந்தே நாளில் உன்னைக் கொண்டுபோனபோது எனக்கு ஏழாம் மாதம். "வயித்துப் பிள்ளையோடை செத்தவீட்டுக்குப் போறேல்லை, பிள்ளை" என்று மாமி சொல்லிவிட்டார். இவர் மட்டும் நெல்லியடியில் உன் வீட்டுக்குப் போய்வந்தார். வந்து கிணற்றடியில் தோய்ந்துவிட்டு உள்ளே நுழைந்தவரிடம் ஆயிரம் கேள்வி கேட்டேன். முகம் எப்படி இருந்தது, என்ன சேலை, யார் யார் வந்தார்கள். அவருக்கு ஒன்றும் சொல்லத் தெரியவில்லை. முப்பத்தோராம் நாளுக்கு உன் நினைவாக வெளியிடும் கல்வெட்டுப் புத்தகத்தில் சேர்க்க ஏதாவது எழுதித் தரும்படி உன் அண்ணை கேட்டார். இரண்டு வரி எழுதி அழித்தேன். புத்தகம் என் எழுத்து இல்லாமலே வந்தது.

பல்கலைக்கழகத்தில் கடைசி வருட ஆய்வுக்குக் கிணறுகளை எடுப்போம் என்றது நீதான். புத்தூரில் வீடு வீடாகச் சைக்கிளில் போனோம். ஒவ்வொரு கிணற்றுக்கும் இரண்டே எண்கள்: பக்கத்து வெங்காயத் தோட்டத்திலிருந்து கிணறு எத்தனை மீற்றர், உரத்திலிருந்து ஊறி வரும் நைத்திரேற்று அதன் தண்ணீரில் எவ்வளவு. நான் அவற்றைக் கணினியில் எக்செல் அட்டவணையாகத் தட்டினேன், நீ அதை வரைபாக்கப் பைதனில் ஒரு நிரல் எழுதினாய். நிரல் ஒவ்வொரு வரியாக எடுக்கும். அதிலுள்ள இரண்டு எண்களையும் சோடியாகப் பிடித்து, தூரத்தைக் குறுக்காகவும் நைத்திரேற்றை மேல்நோக்கியும் அளந்து ஒரு புள்ளி வைக்கும். ஒரு கிணற்றுக்கு ஒரு புள்ளி.

ஆனால் நீ அவற்றைப் புள்ளி என்று சொல்லி நான் கேட்டதில்லை. பதினொன்று உனக்கு "மோர் தந்த அன்ரி". இருபத்திரண்டு "நாய் கலைச்ச வீடு". மத்தியானம் பெட்டியில் போத்தல்களை எண்ணி, எல்லாம் இருக்கிறதென்று கண்டால்தான் சாப்பாட்டுப் பார்சலைப் பிரிப்பாய். எனக்குப் பசியில் கண் இருட்டும். "எல்லாரும் வரட்டுமடி" என்பாய்.

கடைசி நாள், கடைசி வீடு. முப்பத்தேழு என்று எழுதிய போத்தலோடு படலையில் நின்றோம். வீட்டுக்கார அம்மா உள்ளே விடவில்லை.

"எங்கடை கிணத்திலை நஞ்செண்டு பேப்பரிலை போடவே வந்தனீங்கள்?"

"நஞ்செண்டு ஆர் அன்ரி சொன்னது? நல்லமெண்டும் வரலாம்தானே?"

"நல்லமெண்டு எனக்குத் தெரியும். உன்ரை போத்தல் வந்து எனக்குச் சொல்லத் தேவையில்லை. போங்கோ, போங்கோ."

வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற அவரின் மகன்தான் மெதுவாகச் சொன்னார்: "டேப்பின்ரை ஒரு தலைப்பை இஞ்சாலை தாங்கோ. தூரத்தை மட்டும் எழுதுங்கோ. தண்ணி அம்மா தரமாட்டா." வெளியே வந்ததும் நீ என் விலாவில் இடித்தாய். "அவர் டேப்பைப் பிடிச்சது கிணத்தைப் பாத்தில்லை, உன்னைப் பாத்து." அன்றைக்கு நீ பார்சலைப் பிரிக்கவில்லை. வெறும் போத்தலும் பிரிக்காத சோறுமாக நெல்லியடி பஸ் ஏறினாய்.

அந்த வரியை அழித்துவிடலாம் என்றேன். ஒரு எண் இருக்கிறது, மற்றது இல்லை, புள்ளி வைக்க முடியாது. நீ விடவில்லை. "அழியாதை. வரேல்லை எண்டு கிடக்கட்டும்." நிரலில் அதற்கென்றே ஒரு துண்டு சேர்த்தாய். அது வெற்றிடமுள்ள வரியைத் தாண்டிப்போய் மற்றவற்றை வரையும். படத்தை மூடியதும் கீழே ஒரு வசனம் விழும்: "இன்னும் ஒரு கிணறு வரவேணும்: 37."

என் பெரிய பிழையையும் சொல்லிவிடுகிறேன். எந்தக் கிணற்றில் நைத்திரேற்று அதிகம் என்று பார்க்கும் ஆசையில், அந்த எண்களை மட்டும் பெரியதிலிருந்து சிறியதாக வரிசைப்படுத்திச் சேமித்துவிட்டேன். ஏற்கெனவே குறைந்ததிலிருந்து கூடியதாக அடுக்கியிருந்த தூரங்கள் அசையாமல் நின்ற இடத்திலேயே நின்றன. சோடியெல்லாம் மாறிப்போனது எனக்குத் தெரியவில்லை. நிரலை ஓடவிட்டால், தோட்டத்துக்குப் பக்கத்தில் அதிகம், தூரப் போகப் போகக் குறைவு என்று படிக்கட்டு இறங்குவது போல ஒரு வரைபு. நான் துள்ளினேன். நீ கையால் நாடியைத் தாங்கித் திரையைப் பார்த்தபடி இருந்தாய்.

"உவ்வளவு வடிவா வராது."

"ஏன், வந்திருக்குத்தானே?"

"புத்தூர்க் கிணறுகள் என்ன பள்ளிக்கூடப் பிள்ளையளே, உயரத்துக்கு வரிசையா நிக்க?" திரையில் உச்சியிலிருந்த ஒரு புள்ளியில் விரலை வைத்தாய். "இது ஆர்?"

"பதினொண்டு."

"மோர் தந்த அன்ரி! அவவின்ரை தண்ணி நல்லமெண்டு லாப் தாளிலை என்ரை கண்ணாலை கண்டனான். ஆரடி அவவைக் கொண்டுபோய் அங்கை ஏத்தினது?"

ஒப்படைக்க ஒரு நாள்தான் இருந்தது. லாப் தாளை நான் வாசிக்க, நீ ஒவ்வொன்றாகத் தட்டினாய். மறுபடி வந்த படம் விதைத்த நெல்லைப் போலச் சிதறிக் கிடந்தது. சற்றே சரிந்திருந்தது, அவ்வளவுதான். அழகில்லை, ஆனால் உண்மை. மறுநாள் எல்லோர் முன்னாலும், "நாங்கள் முதல் ஒரு பிழை விட்டனாங்கள், பிறகு திருத்தினனாங்கள்" என்று நிமிர்ந்து சொன்னாய். பிழை விட்டது நான். 'நாங்கள்' என்றது நீ. அந்த ஒரு சொல்லுக்காக இன்றைக்கும் என் நெஞ்சு நிமிர்கிறது. உன்னோடு படித்தவள் என்று யாரிடமும் தலை நிமிர்த்திச் சொல்வேன்.

பிறகு டேப் பிடித்தவரையே நான் கட்டினேன். மணவறைக்குப் பக்கத்தில் குனிந்து என் காதில், "முப்பத்தேழாம் நம்பருக்கு மருமகளாப் போறாய், தண்ணி எடுக்காமல் என்னோடை கதையாதை" என்றாய். போனில் எப்போது கதைத்தாலும் முதல் கேள்வி, "எடுத்தியே?" நான் நாளைக்கு, நாளைக்கு என்று சொல்லியே மூன்று வருடத்தைக் கடத்திவிட்டேன். மாமியிடம் கேட்கப் பயம். கடைசியாகக் கதைத்த அன்றும் நாளைக்கு என்றுதான் சொன்னேன்.

மகள் பிறந்த பிறகு அந்தப் பயத்தை வேறொரு பயம் விழுங்கியது. லீவு முடிந்து நான் வேலைக்குப் போனால் பகலில் அவளுக்குப் பால்மாதான். அதைக் கரைப்பது இந்தக் கிணற்றுத் தண்ணீரில். நைத்திரேற்று கூடினால் கைக்குழந்தையின் உடம்பு நீலம் பாரிக்கும் என்று நாம்தானே ஆய்வின் முதற்பக்கத்தில் எழுதினோம்? அவளுக்கு இன்னும் ஒரு துளி தண்ணீர் கொடுக்கவில்லை. ஆனாலும் அவள் விழிக்கும்போதெல்லாம் நகத்தின் நிறத்தைப் பார்க்கத் தொடங்கினேன்.

ஒரு நாள் துணிந்து மாமியிடம் சொன்னேன்.

"நாலு பிள்ளையள் உந்தத் தண்ணியிலை வளந்ததுகள். உன்ரை மனுசனுக்கு என்ன குறை?"

"ஒரு குறையுமில்லை, மாமி. ஆனா இவளுக்கு மாவெல்லே கரைக்கப் போறம்?"

"கொதிக்க வைச்சு ஆத்திக் குடுத்தா?"

"கொதிச்சாலும் உது போகாது. கிருமிதான் சாகும்."

மாமி எழும்பிப் போனார். இனி ஒரு கிழமைக்கு முகம் தரமாட்டார் என்று நினைத்தேன். அடுத்த நாள் காலையில் பார்த்தால், நான் கழுவி வைத்த போத்தலைக் கிணற்றடியில் வைத்து மூன்று தரம் அலசிக்கொண்டிருந்தார். "குடுக்கிறதெண்டா வடிவாக் குடுக்கோணும்" என்று சொல்லித் தானே அள்ளி நிரப்பினார். நான் முப்பத்தேழு என்று எழுதினேன். ஏழு கோணலாகிவிட்டது.

முடிவு நேற்றுத்தான் வந்தது. உன் பழைய அட்டவணையைத் திறந்து, ஐந்து வருடமாக வெறுமையாகக் கிடந்த கட்டத்தில் எண்ணைத் தட்டினேன். மகளை மடியில் வைத்துக்கொண்டு நிரலை ஓடவிட்டேன். முப்பத்தாறு புள்ளிகளுக்கு நடுவில் இன்னொன்று வந்து உட்கார்ந்தது. இதற்கு மேல் கூடாது என்று நீ கீறிய சிவப்புக் கோட்டுக்கு மேலே.

மாமி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்தார். "இதிலை நாங்கள் எது?"

காட்டினேன். அதற்கு மேலிருந்த புள்ளிகளில் விரலை ஓட்டினார். "எங்களுக்கு மேலையும் ஆக்கள் இருக்கினம்தானே" என்றார். பிறகு வாசலைப் பார்த்து மகனைக் கூப்பிட்டார். "டேய் தம்பி, தண்ணிக் கானைக் கழுவு. கோயிலடித் தாங்கியிலை நாளையிலையிருந்து பிள்ளைக்கு நல்ல தண்ணி எடுக்கோணும். எங்களுக்கு இந்தக் கிணறு போதும்."

படத்தை மூடினேன். வழக்கமான வசனம் விழும், அதையும் மூடலாம் என்று கை தானாக விசைப்பலகைக்குப் போனது. அந்த வசனம் வரவில்லை. எல்லா வரியும் நிரம்பினால் மட்டும் காட்டுவதற்கென்று நீ வேறொன்றை எழுதி வைத்திருக்கிறாய். அதுவரை ஒருதரமும் திரைக்கு வராத வசனம்.

"எல்லாரும் வந்திட்டினம். வாடி, சாப்பிடுவம்."

நான் சிரித்தேனா அழுதேனா தெரியவில்லை. மகள் பயந்து என்னைப் பார்த்தாள். மாமி, "என்ன பிள்ளை, என்ன?" என்று பதறினார்.

"என்ரை சிநேகிதி சாப்பிடக் கூப்பிடுறாள், மாமி."

யாரென்று மாமிக்கு விளங்கியது. அவர் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "அந்தப் பிள்ளை அண்டைக்கு அந்த வெயிலுக்கை நிண்டது. நான் ஒரு வாய் தண்ணியும் குடுக்கேல்லை" என்றார். மத்தியானம் சோறு பரிமாறும்போது என் சோற்றுக் கோப்பைக்குப் பக்கத்தில் ஒரு வாழையிலைத் துண்டை விரித்தார். கேட்காமலே அதில் சோறும் இரண்டு கறியும் வைத்தார்.

இன்று விடிய, அடுத்த வீட்டுப் பெண் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். அவளிடமும் ஒரு கைக்குழந்தை. "அக்கா, எங்கடை தண்ணியையும் ஒருக்காப் பாப்பமே?" என்றாள். அன்று நம்மைப் படலையில் மறித்த என் மாமிதான் அவளிடம் போய்ச் சொல்லியிருக்கிறார்! காலையில் நான் மார்க்கரைத் திறந்தது அதற்குத்தான். முப்பத்தெட்டு என்று பெரிதாக, கோணாமல் எழுதினேன். இவரும் நானும் டேப் பிடித்துத் தூரத்தை அளந்தோம். அட்டவணையில் ஒரு புது வரி சேர்த்தேன். நிரலை ஓடவிட்டுப் படத்தை மூடினால், பழையபடி உன் குரல்: "இன்னும் ஒரு கிணறு வரவேணும்: 38."

ஏணை அசைகிறது. மகள் எழும்பிவிட்டாள். அவளை ஒரு கையிலும் போத்தலை மற்றக் கையிலுமாக எடுத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போகிறேன்.

பார்சலைப் பிரித்துவிடாதே.